இறங்குவது நாலு பேர்

கப்பலில் போகலாம் என்று எங்கள் வீட்டில் முதலில் சொன்னது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இப்போது யாரைக் கேட்டாலும் என் நாத்தனார் சொன்னதாகத்தான் சொல்வார்கள். மகளுக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் குடும்பமாக எங்காவது போகலாம் என்று பேச்சு வந்தது. என் கணவர் வழக்கம்போல ஊட்டி என்றார். மைசூரில் இருப்பவர்களுக்கு ஊட்டியெல்லாம் ஒரு பயணமா? நான் ‘கப்பல்’ என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சென்னையில் ஏறினால் இலங்கைக்குப் போய்த் திரும்பும் கப்பல் ஒன்று இருப்பதை மகள் கைப்பேசியில் காட்டியதும் சிரிப்பு நின்றது. கொள்ளேகாலில் இருக்கும் நாத்தனாரும் அவர் கணவரும் சேர்ந்துகொண்டார்கள். ஆக, ஐந்து பேர்.

எனக்கு ஐம்பது வயதுக்கு மேல் முதல் பாஸ்போர்ட் வந்தது. நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். தினமும் ரயிலில் போய் வருகிறவள். அந்தப் பாஸ்போர்ட்டை ஒரு நாள் கைப்பையில் போட்டு ஆபீசுக்கு எடுத்துப் போய் எல்லோருக்கும் காட்டினேன். வெளிநாட்டில் கால் வைக்கப்போகிறேன் என்ற நினைப்பே எனக்குப் போதுமாக இருந்தது.

அந்தக் கப்பல் ஒரே ஒரு ஊரில்தான் நிற்கும். திருகோணமலை, ஒரு பகல். அந்தப் பகலில் இறங்கி ஊர் பார்த்துவிட்டு வருவதற்கு ஷோர் எக்ஸ்கர்ஷன் என்று பெயர். அதற்கு முன்கூட்டியே தனியாகப் பதிவு செய்ய வேண்டும். பெயர் கொடுத்தவர்களை மட்டும்தான் கரையில் இறங்க விடுவார்கள். மகள் படங்களைக் காட்டினாள். கன்னியா என்ற இடத்தில் வெந்நீர்க் கிணறுகள் இருந்தன. சதுரமாகக் கட்டிய சின்னச் சின்னக் கிணறுகள், பக்கத்தில் பக்கத்தில். ஒவ்வொன்றிலும் சூடு வேறு வேறாம். வாளியில் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்கிறார்கள். அடுத்தடுத்த கிணற்றில் எப்படிச் சூடு மாறும் என்று எனக்குப் புரியவில்லை. கையை விட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. “இதுக்கே போடு” என்று மகளிடம் சொல்லிவிட்டு மறுநாள் வேலைக்குப் போனேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது நாத்தனார் வந்திருந்தார். என் கணவரும் மண்டி மொஹல்லாவில் இருக்கும் பெயிண்ட் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தார். “புக் பண்ணியாச்சு” என்றார். மகளின் லேப்டாப்பை எட்டிப் பார்த்தேன். கிணற்றுப் படத்துக்குக் கீழே நாலு பெயர்கள். என் பெயர் இல்லை.

“ஒரு பேரு விட்டுப்போச்சே” என்று சிரித்தேன். சிரித்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

“விட்டுப்போகல” என்றார் கணவர். “யாராச்சும் ஒருத்தரு ரூம்ல இருக்கோணும்ல? சாமானெல்லாம் கெடக்குமே.”

இதைப் புரிய வைக்க எங்கள் குடும்பம் வெளியே போகும் அழகைச் சொல்ல வேண்டும். எங்கே போனாலும் பைகளோடு ஒருத்தி உட்கார வேண்டும். தலக்காட்டில் எல்லோரும் ஆற்றில் குளித்தால் துணிமணிக்கு நான். ஒகேனக்கல்லில் எல்லோரும் பரிசலில் போனால் கரையில் கட்டுச்சோற்றுக் கூடைக்கு நான். தசரா பொருட்காட்சியில் எல்லோரும் ராட்டினத்தில் ஏறினால் கீழே ஆறு செருப்புக்கும் மூன்று கைப்பேசிக்கும் நான். கல்யாணமாகி வந்த புதிதில் ‘நீ புதுசு, பார்த்துக்கோ’ என்றார்கள். பிறகு குழந்தை கையில் இருக்கிறது என்றார்கள். குழந்தை வளர்ந்து ராட்டினத்தில் ஏறிவிட்டது. நான் அங்கேயேதான் நின்றேன்.

சரி, அதெல்லாம் ஆற்றங்கரை, பொருட்காட்சி. திருடு போகலாம். ஆனால் கப்பலில்? அறைக்குக் கதவு இருக்கிறது, பூட்டு இருக்கிறது, உள்ளே இரும்புப் பெட்டி வேறு இருக்கிறது. அந்தப் பெட்டியின் படத்தை மகள்தான் எனக்குக் காட்டினாள். கடலுக்கு நடுவே வந்து எங்கள் மிக்சர் பொட்டலத்தை எவன் திருடப் போகிறான்?

இதைக் கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது.

நாத்தனார் சமாதானத்துக்கு வந்தார். “அதுக்கில்லம்மா. உனக்குத்தான் வெயிலு ஆகாதே. அங்க வேற சுட்டெரிக்குமாம். நீ ஏசியில நிம்மதியா இருந்துக்கலாம்னுதான்.”

“எனக்கு வெயில் ஆகாதுன்னு யாரு சொன்னது அண்ணி?”

எனக்குத் தெரியும். எனக்கு வெயில் ஆகாது என்பது தலக்காட்டில் முடிவானது. தண்ணீர் என்றால் பயம் என்பது ஒகேனக்கல்லில். தலைசுற்றல் பொருட்காட்சியில். ஆள் தேவைப்பட்ட ஒவ்வொரு இடத்திலும் எனக்கு ஒரு நோயைக் கொடுத்திருக்கிறார்கள். நஞ்சன்கூடு ஸ்டேஷனில் கூரையில்லாத பக்கம் நின்று ரயிலுக்குக் காத்திருக்கிறேனே, அந்த வெயில் மட்டும் எனக்கு எப்படி ஒத்துக்கொள்கிறது?

மகள் தலை குனிந்தபடியே, “யாக்கம்மா, ஏன் இவ்வளவு கோபம்? உனக்கு இதெல்லாம் இஷ்டம் இல்லைன்னு நினைச்சேன்” என்றாள். கன்னடத்தில் பிறந்து வரும் அவள் தமிழ் வழக்கமாக எனக்குச் சிரிப்பு மூட்டும். அன்று மூட்டவில்லை. படத்தைக் காட்டியவள் அவள். இதுக்கே போடு என்று நான் சொன்னதைக் கேட்டவள் அவள். அப்பா சொன்னதும் அது காதிலிருந்து வழிந்து போய்விட்டது. மற்ற இரண்டு பேர் மேல் வந்த கோபத்தைவிட அவள் மேல் வந்ததுதான் அதிகம்.

“இப்பவே என் பேரைப் போடு” என்றேன்.

தட்டிப் பார்த்தாள். மறுபடியும் தட்டினாள். “அம்மா, சீட் முடிஞ்சுபோச்சு.” கோயில், கடற்கரை, மற்ற எதற்காவது போடச் சொன்னேன். எல்லாம் முன்பே நிறைந்துவிட்டதாம். ஆளை மாற்றலாம், கூட்ட முடியாது என்றாள்.

அதாவது, நான் வெளிநாட்டுக்குப் போவேன். ஜன்னல் வழியாக அதன் துறைமுகத்தைப் பார்ப்பேன். திரும்பி வருவேன். மூன்று பேரும் சேர்ந்து ஒரு சாயங்காலத்தில் இதைச் செய்து முடித்திருந்தார்கள், எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு. திட்டம் போட்டுக் கெடுதல் செய்திருந்தால்கூட என்னைக் கொஞ்சமாவது யோசித்திருக்கிறார்கள் என்று ஆறுதலாக இருந்திருக்கும்.

“விடு, அடுத்த தடவ பாத்துக்கலாம்” என்றார் கணவர். டிவி ரிமோட்டைத் தேடினார்.

ரிமோட் என் பக்கத்தில் இருந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

“ஆள மாத்தலாமாமே” என்றேன். “உங்க பேர எடுத்துட்டு என் பேரப் போடட்டும். சாமானை நீங்க பாத்துக்குங்க.”

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் கத்தவில்லை. சிரிக்கப் பார்த்து, என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அந்த அறையையும் அந்தப் பகலையும் மனதுக்குள் கற்பனை செய்து பார்த்தது போல அவர் முகம் சற்று நேரம் யோசனையில் இருந்தது. பிறகு, கோபமே இல்லாமல், நிஜமான குழப்பத்தோடு கேட்டார்:

“பகலெல்லாம் அங்க ஒத்தையில உக்காந்துட்டு நான் என்னதான் பண்றது?”

நாத்தனார் தரையைப் பார்த்தார். கணவர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது தெரிந்திருக்கும், சொல்லித் தருவேன் என்று காத்திருந்தார்.

நான் மகள் பக்கம் திரும்பி, “பேர மாத்துடி” என்றேன்.