அலமாரி இருந்த இடம்

"பாரும்மா, போன தடவை இருந்த டேட்டாதான் இப்பவும் இருக்கு. உன் ஆளு எதையும் கொண்டு வரல."

"முடிஞ்சுதுன்னு மணி அடிச்சானே சார்."

"வெறுங்கையோட வந்து அடிச்சிருப்பான்."

ஆள் என்று அவர்கள் சொன்னது, சேமிப்புச் சிப்புக்குள் இளம் பொறியாளரான அவள் வடிவமைத்த டிஎம்ஏ பகுதியை. எங்கிருந்து, எங்கே, எவ்வளவு என்று பிராசஸர் சொல்லிவிட்டால் போதும். நிரந்தரச் சேமிப்பான ஃபிளாஷில் இருக்கும் டேட்டாவை அதுவே தூக்கிப்போய் மெமரியில் வைத்துவிட்டு, முடிந்ததும் மணி அடிப்பதுபோல் சைகை கொடுக்கும். அதுவரை பிராசஸர் வேறு வேலை பார்க்கலாம்.

மறுநாள் பத்து மணிக்குள், சிப்பைச் சோதிக்கும் அவர் அறிக்கை தர வேண்டும். டிஎம்ஏதான் கோளாறு என்று எழுதினால் சிப் மறுவடிவமைப்புக்குத் திரும்பிப் போகும். அவளுடைய இரண்டு வருட வேலையும் கூடவே போகும். அவர் பாதி எழுதியாயிற்று.

அலுவலகத்தில் அவருக்கு 'ஞாபகம் சார்' என்று பெயர். இருபத்திரண்டு வருடமாகச் சிப்புகளை இயக்கும் ஃபர்ம்வேர் எழுதுகிறார். கையேட்டைப் பிரிப்பது தன்னைத்தானே அவமதிப்பது என்று நினைப்பவர். எல்லோருடைய போன் நம்பரும் மனப்பாடம். அதில் பாதிப் பேர் நம்பரை மாற்றிவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

போன் அடித்தது. மனைவி. வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டார்.

"மாடிக் கதவுச் சாவி எங்கங்க?"

"ஹால் அலமாரி, ரெண்டாவது தட்டு, இடது பக்கம். பாக்காமலே சொல்வேன்."

"அதான் தெரியுதே. அந்த அலமாரிய எடுத்துப்போட்டு ஒரு மாசம் ஆச்சு. ஒரு பக்கம் பிடிச்சுத் தூக்கினதே நீங்கதான்."

எதிரே இருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்தாள்.

"சார், மணி அடிச்சதும் பிராசஸர் மெமரியப் போய்ப் பாக்குதா, கேஷ்ல இருக்கறதச் சொல்லுதா?"

அவர் ஃபர்ம்வேரைத் திரையில் திறந்தார். ஒருமுறை படித்ததன் பிரதியைப் பிராசஸர் தன் பக்கத்திலேயே, கேஷில் வைத்துக்கொள்ளும். டிஎம்ஏ அந்தப் பக்கமே வருவதில்லை. மெமரியில் புதிது வந்தது கேஷுக்குத் தெரியாது. படிக்கும் முன் பழைய பிரதியைத் தள்ளிவிடச் சொல்லி ஃபர்ம்வேரில் ஒரு வரி வேண்டும். எழுதியதாகத்தான் அவருக்கு ஞாபகம்.

தேடினார்கள். இல்லை.

"போன சிப்புக்கு எழுதினேம்மா."

"போன சிப்புல கேஷே கிடையாது சார்."

"நான் இன்னும் லைன்லதான் இருக்கேன்," என்றாள் மனைவி. "சாவி?"

மறுநாள் காலை அந்த வரியைச் சேர்த்துப் பத்தாயிரம் முறை சோதனையை ஓட்டினார்கள். எல்லாம் சரியாக வந்தது. கோளாறு ஃபர்ம்வேரில் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மதியம் கையேட்டில் பதினொரு பக்கம் படித்தார். சாவி அவருடைய பழைய பையில் இருந்தது. அதற்குள் பூட்டுக்காரர் வந்து பூட்டை மாற்றிவிட்டுப் போயிருந்தார்.