கீழ வீதியில் சாய்ந்த கோபுரம்

சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால் யாரும் இடது, வலது என்று சொல்வதில்லை. மேல வீதியிலிருந்து தெற்கே திரும்பு, வடக்குப் பார்த்த வாசல் என்பார்கள். வீட்டுக்குள்ளும் இதே கதைதான். கீழண்ட ஜன்னலைச் சாத்துங்கள் என்பாள் என் மனைவி. கட்டிலில்கூட எனக்கு மேலண்டைப் பக்கம். போன வருடம் கோடையில், இத்தாலியில் பொலோனியா என்ற ஊரில் இருக்கும் மகள் வீட்டில் போய் இறங்கியதும், பெட்டியைத் திறப்பதற்கு முன்பே மனைவி கேட்ட முதல் கேள்வி, கிழக்கு எந்தப் பக்கம் என்பது. மாப்பிள்ளை கைப்பேசியைப் பார்த்துச் சொன்னார். அவள் அதை நம்பாமல், ஜன்னலில் வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

மகளுக்குத் தலைப்பிரசவம். மனைவி மூன்று மாதம் அங்கே இருப்பதாக ஏற்பாடு. எனக்குக் கடலூரில் இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலை, தினமும் ரயிலில் போய் வருகிறவன். இரண்டு வார லீவுக்கே மேலதிகாரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மாப்பிள்ளையோ வாரத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பவர். ஆக, மகள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது இவள்தான் தனியாகக் கடைக்குப் போக வேண்டும், பஸ் ஏற வேண்டும், திரும்பி வீடு சேர வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து பக்கத்திலிருக்கும் கடலூருக்குக்கூட நான் இல்லாமல் போகாதவள். பாஷை தெரியாத ஊரில் தொலைந்துபோனால் யாரிடம் கேட்பாள்? விமானத்தில் கொடுத்த சோறு எனக்குத் தொண்டையில் இறங்காததற்கு இதுதான் காரணம். நான் கிளம்புவதற்குள் அவளுக்கு ஊரைப் பழக்கிவிட வேண்டும் என்று தினமும் காலையில் அழைத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஊர் நடுவில் பெரிய சதுக்கம். அதன் மத்தியில் நின்று அவள் மெதுவாக ஒரு சுற்றுத் திரும்பினாள். தெற்கே ஒரு பிரமாண்டமான தேவாலயம், முகப்பில் கீழ்ப்பாதி பளிங்கு, மேல்பாதி வெறும் செங்கல். கட்ட ஆரம்பித்தவர்களுக்குப் பாதியில் கையைக் கடித்திருக்கும் போல. கிழக்கே கொஞ்சம் தள்ளி இரண்டு செங்கல் கோபுரங்கள், அதில் குட்டையானது அப்பட்டமாகச் சாய்ந்து நின்றது. இதை யாரும் நிமிர்த்த மாட்டார்களா என்று விசாரித்துவிட்டு அவள் சொன்னாள்:

“கீழ வீதியில கோபுரம், தெற்கு வீதியில கோயில். நம்ம ஊருதாங்க.”

தேர் எப்போது வரும் என்றும் கேட்டு வை என்றேன். அவள் கண்டுகொள்ளவில்லை. அன்று முதல் அந்தச் சதுக்கத்துக்கு நான்கு வீதிகள் வந்துவிட்டன. போதாததற்குப் பிரதட்சிணம் வேறு. ஐஸ்கிரீம் கடை கூப்பிடு தூரத்தில் இருந்தாலும், சதுக்கத்தை வலமாகச் சுற்றித்தான் போவாள். வெயிலில் எனக்குப் பொறுமை போய்க் கத்துவேன். நடந்தால் உங்களுக்குச் சுகர் குறையும் என்று பதில் வரும்.

ஒருநாள் மகள் எங்களை ஒரு பழைய மாளிகையில் நடந்த கோடைக் கண்காட்சிக்கு அனுப்பினாள். புதிதாகக் கல்யாணமான கோடையில் கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் நாங்கள் பார்த்த பொருட்காட்சி எனக்கு நினைவுக்கு வந்தது. இவள் டெல்லி அப்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ராட்டினத்தில் ஏறிக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அப்பளம் நொறுங்கி என் சட்டையெல்லாம் எண்ணெய். இங்கே ராட்டினமும் இல்லை, அப்பளமும் இல்லை. குளிர்ந்த அறைகளில் அந்த ஊரின் பழைய புகைப்படங்கள் வரிசையாகத் தொங்கின. ஒரு படத்தில் பெண்கள் வாய்க்கால் கரையில் மண்டியிட்டுத் துணி அலசிக்கொண்டிருந்தார்கள். அதன் முன்னால் நெடுநேரம் நின்றவள், இவர்களுக்கும் இடுப்பு வலி இருந்திருக்கும் என்றாள். இவ்வளவு தண்ணீர் இப்போது எங்கே போயிற்று என்றும் கேட்டாள்.

அதை அவளே கண்டுபிடித்தாள். வடக்கே ஒரு சந்தில் சுவரில் சின்ன மரக்கதவு. சிலர் அதைத் திறந்து எட்டிப் பார்ப்பதைக் கண்டு இவளும் போய்த் திறந்தாள். வீடுகளின் பின்புறத்தை உரசிக்கொண்டு ஓடியது அந்த வாய்க்கால். ஜன்னல்களில் துணி காய்ந்தது. காணாமல் போன நகை கிடைத்த மாதிரி அவள் முகம் மலர்ந்தது. அந்த முகம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

சதுக்கத்தின் வடக்கே ஒரு மாளிகைக்கு அடியில் வளைவு மண்டபம் உண்டு. எதிரெதிர் மூலைகளில் சுவரைப் பார்த்து நின்று, ஒருவர் மெல்லப் பேசினால் மற்றவருக்குக் கேட்குமாம். நம்பிக்கை இல்லாமல்தான் மூக்கு சுவரில் இடிக்க நின்றேன். கல்லுக்குள்ளிருந்து அவள் குரல், காதோடு சொல்வது போல் வந்தது.

“எனக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க அங்க தனியா எப்படி இருக்கப் போறீங்கன்னுதான் பயமா இருக்கு.”

இவளுக்காக நான் பயந்துகொண்டிருக்க, இவள் எனக்காகப் பயந்துகொண்டிருந்திருக்கிறாள். அதைச் சொல்லிவிடலாமென்றால் பின்னால் காத்திருந்த வெள்ளைக்காரர்கள் வேறு பார்த்துக்கொண்டிருந்தார்கள். “நல்லா கேக்குது” என்று மட்டும் சுவரிடம் சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

நான் கிளம்புவதற்கு முன்தினம் தனியாகக் கடைத்தெருவுக்குப் போனாள். நான் ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்து தேய்ந்தேன். கை நிறையப் பரங்கிப்பூ மாதிரி ஒரு பூவோடு திரும்பி வந்தாள். நம் ஊரில் மார்கழிக் கோலத்தில் வைக்கிற பூவை இங்கே மாவில் தோய்த்துப் பொரித்துத் தின்கிறார்கள் என்று மகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். வழி தெரிந்ததா என்றேன். கோபுரத்தை முதுகுக்குப் பின்னால் விட்டு மேற்கே நடந்தால் வீடு, இதில் தெரிய என்ன இருக்கிறது என்றாள்.

நான் நிம்மதியாகத் திரும்பி வந்தேன். பேரன் பிறந்தான். இவள் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோனாள், வழி கேட்ட ஒரு வெள்ளைக்காரிக்குக் கையைக் காட்டி வழியும் சொன்னாளாம். இங்கே நான்தான் தடுமாறினேன். ரேஷன் கார்டைக் காணோம், ஆபீஸ் சட்டைகளைக் காணோம், டார்ச் லைட்டைக் காணோம். சிதம்பரத்தின் சந்து பொந்தெல்லாம் அறிந்தவனுக்கு, சொந்த வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ரசம் வைக்கலாம் என்று புளியைக் கரைத்தபின், பெருங்காயத்தைத் தேடிச் சமையலறையையே கவிழ்த்துவிட்டேன். கடைசியில் அவளைக் கூப்பிட்டேன். குழந்தையின் சிணுங்கல் பின்னணியில் கேட்டது. அடுப்பை அணைக்கச் சொன்னாள். கிழக்குப் பார்த்து நிற்கச் சொன்னாள். வடக்கு மூலையில், மேல்தட்டில், உளுந்து டப்பாவுக்குப் பின்னால் என்றாள். கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டு எட்டி எடுத்தேன். இருந்தது.

டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். மூக்குக்கு நேரே சுவர். பக்கத்திலிருந்து அவள் குரல், கிடைத்ததா என்று கேட்டது. பின்னால் வரிசையில் யாரும் நிற்கவில்லை.

“நீ இல்லாம இந்த வீட்லயே எனக்கு வழி தெரியல” என்றேன்.

அந்தப் பக்கம் அவள் குழந்தையைத் தட்டிக்கொடுப்பது கேட்டது. சிணுங்கல் அடங்கியது. அப்புறம் மெல்லிய குரலில் சொன்னாள்:

“நல்லா கேக்குது.”