நாலு ஊரும் ஒரே நேரத்தில் அமுக்கியபோது

எங்கள் ஊரில் இணையதளம் பற்றி எல்லாம் தெரிந்தவன் நான்தான். பச்சைப் பொய்! மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். போனில் எதை அமுக்குவது என்று என் மனைவிதான் காட்டித் தருவாள்.

போன வாரம் சம்பா முற்றிச் சாய்ந்து கிடந்தது. மழை வேறு வரும் என்றார்கள். அறுவடை மெஷின்காரர் தன் இணையதளத்தில் காலை ஆறு மணிக்கு முன்பதிவு என்றார். நான் பெரிய மனுஷனாட்டம் நாலு ஊர் வாட்ஸ்அப்பிலும் பேசி அனுப்பினேன்: "ஆறு அடிச்சதும் எல்லாரும் ஒண்ணா அமுக்குங்க!"

அமுக்கினார்கள். தளம் முடங்கிவிட்டது. கொதித்துப்போய் மெஷின்காரருக்குப் போன் போட்டேன்.

"என்னய்யா தளம் நடத்துற? எருமை மாதிரி படுத்துக்கிச்சு! என் நெல்லு முளைச்சா நீ தின்பியா?"

"கத்தாதீங்கண்ணே. நாலு ஊரையும் ஒரே நேரத்துல உள்ள தள்ளிவிட்டது யாருன்னு கேட்டேன். உங்க குரலைத்தான் போட்டுக் காட்டுறாங்க."

வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைக்கிறவனே நான்தான். இதற்கு வைக்கத் தோன்றவில்லையே! என்னையே செருப்பால் அடிக்கலாம் போல இருந்தது. மறுநாளிலிருந்து தெருவுக்குக் கால் மணி நேரம் என்று முறை வைத்துவிட்டேன். அப்படியும் நேற்று ஒரு தடியன் முறை தவறி நுழைந்து...

"என்னங்க! மெஷின் வந்து ரோட்டுல நிக்குது. தூறல் போடுது, எழுதிக் கிழிச்சது போதும், எந்திரிங்க!"