உள்ளே போனது, வெளியே வந்தது

தலைகீழாகத் தொங்கிய ஒரு கண்ணாடிப் பாட்டில். அதற்குள் ஒரு குமிழி புறப்படும், தடுமாறி மேலே போகும், உடையும். குமிழி போனால்தான் கீழே ரப்பர் குழாயில் உப்புநீர் இறங்குகிறது என்று பொருள். அடுத்த குமிழிக்காகக் காத்திருந்த அந்தக் கொடைக்கானல் பகல்களை, மேகம் வந்து ஜன்னலுக்கு வெளியே இருந்த மரங்களைத் துடைத்துவிட்டுப் போய் மறுபடி வரைந்துவைத்த பகல்களை எழுத எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறேன். மேகத்தைப் பற்றி எழுதிவிடுவேன். குளிரைப் பற்றியும் எழுதிவிடுவேன். குளிர்ந்த நீர் உடம்புக்குள் போனால் நடுக்கம் வரும் என்று அந்தப் பாட்டிலை வெந்நீரில் வைத்தெடுத்து, துணியால் துடைத்து, கொண்டுவந்து மாட்டிய கைகளிடம் வரும்போது மட்டும் பேனா வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும். அவை என் அத்தையின் கைகள். அப்பாவுக்கு ஒரே தங்கை.

கல்யாணமான மறுவருஷமே அத்தை தாலியறுத்து, எங்கள் மலையூரான பூண்டிக்குத் திரும்பி வந்தாள். எங்கள் வெள்ளைப்பூண்டுக் காட்டில் களையெடுத்துக்கொண்டு, விசேஷ நாட்களில் அடுப்படியைத் தாண்டாமல் நின்றுகொண்டு காலத்தைக் கழித்துவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளோ மதுரைக்குப் போய் நர்சு வேலைக்குப் படிக்கப் போவதாகச் சொன்னாள். அப்பா போட்ட சத்தம் ஊருக்கே கேட்டது. "கண்டவன் மூத்திரத்தை அள்ளுற சோலிக்கா போற? போ. போனா இந்த வாசப்படி ஒனக்குக் கெடையாது." அவள் போய்விட்டாள். சில வருஷம் கழித்து நான் பெரியவளானபோது, அத்தை முறைக்குச் சேலை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். "புள்ளைக்குன்னு கொண்டாந்தேன் மதினி" என்ற குரல் மட்டும் ஓலைத் தடுப்புக்குப் பின்னாலிருந்த எனக்குக் கேட்டது. பிறகு இறங்கிப் போகும் காலடிச் சத்தம். அந்தச் சேலை என்ன நிறம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எனக்கு இருபது வயது நடந்தபோது, பூண்டு விற்கப் பழனிக்கு இறங்கிய அப்பா வாந்தியும் பேதியுமாகத் திரும்பி வந்தார். கட்டிலோடு மன்னவனூர்வரை தூக்கிவந்து, அங்கே உருளைக்கிழங்கு லாரியில் மூட்டைகளுக்கு நடுவே கிடத்திக் கொடைக்கானலுக்குக் கொண்டுபோனோம். கண்கள் உள்ளே போய்விட்டன. குரல் காற்றாகிவிட்டது. கைத்தோலைக் கிள்ளி விட்டால் கிள்ளியபடியே நின்றது. ஆஸ்பத்திரியில் அவரை ஓர் அறையில் இறக்கியபோது, வெள்ளை உடுப்பில் உள்ளே வந்தவள் அத்தை. அப்பா பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். மறுக்கக்கூட அவரிடம் தெம்பில்லை.

அவரது கையை ஒரு பலகையோடு சேர்த்துக் கட்டியபடி, "கையை ஆட்டாதீங்க ஐயா" என்றாள் அத்தை. மற்ற நோயாளிகளைக் கூப்பிடுவதுபோலவே ஐயா என்றாள். அண்ணே என்ற சொல்லை அவளிடமிருந்து பறித்தது நாங்கள்தானே. அம்மாவைத்தான் முறை சொல்லிக் கூப்பிட்டாள். "மதினி, அவரு குடிக்கிறது இந்த டம்ளர்லதான். மூத்திரம் போனா இந்தச் சட்டியில புடிச்சு வையிங்க, ஒரு சொட்டுகூடக் கொட்டிறாதீங்க. நான் வந்து அளந்துக்கிறேன். உள்ள எவ்வளவு போச்சு, வெளிய எவ்வளவு வந்துச்சு, அதைப் பாத்துத்தான் டாக்டரம்மா தண்ணி ஏத்துவாங்க." சட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுப் போனாள்.

பாட்டில் மாற்றிப் பாட்டில் இறங்கியது. அப்பாவுக்குக் குரல் திரும்பியது. திரும்பிய குரல் முதலில் என்ன சொன்னது என்று யாராவது என்னிடம் கேட்டால் வேறெதையாவது சொல்லிவிடலாமா என்றுதான் இப்போதும் தோன்றுகிறது. "அதை அவ கையில குடுத்துறாத" என்றார் அம்மாவிடம்.

"எதை?"

"தெரியாதவ மாதிரி கேக்காதடி. அவ வந்து என் மூத்திரத்தை அள்ளினா அப்புறம் நான் யாரு? கண்டவனா?"

அருவருப்பில்லை அது. சாதியுமில்லை, தீட்டுமில்லை. தங்கையின் முகத்தில் தான் விட்டெறிந்த சொல் இத்தனை வருஷம் சுற்றிவிட்டுத் தன் கட்டிலுக்கடியில் வந்து நிற்கிறது என்ற பயம். அம்மாவுக்கு அது உடனே புரிந்தது. சட்டியை முந்தானைக்குள் மறைத்து எடுத்துப் போய்க் கட்டடத்துக்குப் பின்னால், நீலப்பூச் செடிகளின் வேரில் கவிழ்த்துவிட்டு வந்தாள். அவர் மூத்திரம் போகும்போதெல்லாம் கவிழ்த்தாள். அத்தை வந்து, "போச்சா மதினி?" என்பாள். "இல்ல" என்பாள் அம்மா. நானும் அறையில்தான் இருந்தேன். அப்பாவின் கால்களுக்குக் கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

ஊற்று ஓடுகிற ஊரில் பிறந்தவர்கள் நாங்கள். தண்ணீரை அளப்பார்கள், அந்த அளவை நம்பி ஒரு உயிரை நடத்துவார்கள் என்பது எங்கள் புத்தியில் ஏறவில்லை. டாக்டரம்மாவின் முகம்தான் ஒவ்வொரு தடவையும் இறுகிக்கொண்டு வந்தது. இவ்வளவு நீர் உள்ளே போயிருக்கிறது, வெளியே ஒன்றுமே வரவில்லை. அப்படியென்றால் சிறுநீரகம் வேலையை நிறுத்திவிட்டது, இனிமேல் ஏற்றும் நீர் போக வழியில்லாமல் நெஞ்சில் நின்றுகொள்ளும். குழாயின் திருகைப் பேருக்கு ஓடும்படி இறுக்கச் சொன்னார். வாய்வழித் தண்ணீரும் கூடாது என்றார். பேதியோ முழுதாக நிற்கவில்லை. அப்பா மறுபடி வற்றத் தொடங்கினார். நாக்கு மரப்பட்டையாயிற்று. வெளியே மூடுபனி தகரக் கூரையில் சேர்ந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருக்க, உள்ளே அவர் அத்தையின் உடுப்பு நுனியைப் பிடித்துக்கொண்டு, "தண்ணி... கொஞ்சம் தண்ணி குடு" என்றார். இத்தனை வருஷத்தில் அவளோடு பேசிய முதல் பேச்சு அதுதான்.

அதற்கு அவள் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. "கொஞ்சம் பொறுத்துக்கோங்க ஐயா" என்றாள். ஈரப்பஞ்சால் உதட்டைத் துடைத்தாள். வெளியே போய்ச் சுவரைப் பார்த்தபடி நின்றாள். தோள்கள் குலுங்கியதை நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன்.

மதுரைக்குக் கொண்டுபோங்கள், மலை இறங்கும்வரை தாங்குவாரா என்று சொல்ல முடியாது என்று டாக்டரம்மா சொன்னபோதுதான் அம்மா உடைந்தாள். தாழ்வாரத்தில் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"போகுதுங்க டாக்டரம்மா. நல்லாத்தேன் போச்சு, இன்னிக்குத்தேன் கொறஞ்சு கெடக்கு. நாந்தேன் கொண்டுபோயி கொட்டிட்டேன்."

"கொட்டினீங்களா? ஏன்?"

அம்மாவின் கண் அத்தையின் பக்கம் போய்விட்டுத் தரைக்கு வந்தது. பதிலை அத்தை சொன்னாள். காய்ச்சல் எவ்வளவு என்று கேட்டால் சொல்வதுபோல, ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னாள்: "நான் தொடக் கூடாதுன்னு கொட்டியிருக்காங்க டாக்டர்."

டாக்டரம்மாவுக்கு வந்த கோபத்தில் அம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அத்தைதான் குறுக்கே வந்தாள். "திட்டாதீங்க டாக்டர். முதல்ல பாட்டிலைத் தெறந்து விடச் சொல்லுங்க. அந்த அறைக்கு எனக்குப் பதிலா வேற நர்சைப் போட்டுருங்க. அவரு கூசாம ஒண்ணுக்குப் போகணும், எனக்கு அதான் வேணும்." சொல்லிவிட்டுப் பெண்கள் பகுதிக்குப் போய்விட்டாள்.

குமிழிகள் மறுபடி வேகமாக ஏறின. நாயுடுபுரத்துக்காரி ஒரு நர்சு வந்தாள், வாயாடி. "என்ன பெருசு, ஆஸ்பத்திரிப் பூச்செடிக்குத் தண்ணி பாய்ச்சினது நீங்கதானாமே? இந்த வருஷம் பூ நல்லா வரும்" என்று சிரித்தபடி சட்டியை எடுத்துப்போய் அளந்தாள். அப்பா அவளிடம் கூசவே இல்லை. யாரோ பெற்ற பிள்ளை அள்ளலாம். அதில் அவருக்கு ஒன்றும் குறையவில்லை. பிழைத்துக்கொண்டார். எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். ஒருநாள்கூட "அவ எங்க?" என்று கேட்கவில்லை. அவர் கேட்காததால் நாங்களும் கேட்கவில்லை.

வீடு திரும்பிய அன்று லாரிக்காரர் அப்பாவை முன்னிருக்கையில் ஏற்றினார். அம்மாவும் நானும் பின்னால் காலிச் சாக்குகளின் மேல் உட்கார்ந்திருந்தோம். மருந்துப் பொட்டலத்தோடு அத்தை இறங்கி வந்தாள். உப்பும் சர்க்கரையும் போட்ட கஞ்சித் தண்ணீரை அடிக்கடி கொடுக்கச் சொன்னாள். லாரிக்காரர் அவளைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார்.

"அப்படியே ஒங்க சாடை அடிக்குதே மாமா. யாரு, சொந்தமா?"

அப்பா கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். "ஆஸ்பத்திரி நர்சு" என்றார்.

லாரிக்காரரின் கண்ணில் இன்னும் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். அத்தை அவரைப் பார்த்துச் சிரித்தாள். "ஆமாங்க, நர்சுதான். வெரசாக் கெளம்புங்க, மேகம் எறங்குது."

லாரி கிளம்பியது. அம்மா சாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் தொண்டையில் அத்தை என்ற சொல் இருந்தது, வளைவுகள் வந்தன, போயின, அது தொண்டையிலேயே இருந்தது.

அப்பாவும் போய்விட்டார், அத்தையும் போய்விட்டாள். இப்போதெல்லாம் பேச்சுவாக்கில் யாராவது, உங்கள் குடும்பத்தில் யாரும் நர்சாக இருந்தார்களா என்று கேட்டால், "எங்க அத்தை இருந்தாங்க, எங்க அப்பாவோட கூடப்பிறந்த தங்கச்சி" என்கிறேன். குரல் என்னையறியாமல் உயர்ந்துவிடுகிறது. பக்கத்தில்தானே இருக்கிறேன், எதற்கு இப்படிக் கத்துகிறாள் என்பதுபோலக் கேட்டவர்கள் பார்க்கிறார்கள்.