அம்பெடுக்கும் விசில்

ஓசூரில் மகளின் பள்ளி மைதானத்தில் வில்வித்தை வகுப்பு. மாஸ்டர் விசில் ஊதியதும் பிள்ளைகள் அம்பெடுக்க இலக்கை நோக்கி ஓடினார்கள். “ஓடாதீங்க!” என்று கத்திவிட்டேன்.

தளி ஊர்ப் பள்ளியில் நான் வில்வித்தை படித்தபோதும் இதே விதிதான். சார் ஊதினால்தான் அம்பெடுக்கப் போகலாம். பனியில் நனைந்த வைக்கோல் மூட்டைதான் எங்கள் இலக்கு. அன்று விசில் கேட்டது, ஓடினேன். மூட்டையருகே குனிந்தபோது காதோரம் ஏதோ சீறியது. தலையை நிமிர்த்த முடியவில்லை. தோழி மஞ்சுளா விட்ட அம்பு என் பின்னலை மூட்டையோடு சேர்த்துக் குத்தியிருந்தது.

ஓடிவந்த சார் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். “நான் ஊதவே இல்லையேம்மா!”

ஊதியவர் கண்டக்டர். பள்ளி வாசலில் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது.

மகள் அம்புகளோடு திரும்பி வந்தாள். “ஏம்மா, சடையை இப்படிப் புடிச்சிக்கிட்டு நிக்கிற?”