தலையும் அணையும்

அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெரிய அணைக்கட்டு. மதகுகள் இருக்க வேண்டிய இடத்தில் வழுக்கை விழுந்த ஒரு தலை. கீழே ஓர் எழுத்துகூடக் கிடையாது. கொஞ்ச நேரம் முழித்துவிட்டு, ‘அட, தலையணை!’ என்று சிரித்திருப்பீர்கள், நாலு பேருக்குத் தள்ளியும் விட்டிருப்பீர்கள். உங்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆனால் அந்தத் தலைக்குச் சொந்தக்காரர் எனக்குப் பக்கத்து மேஜை. அவர் யாரென்று ஒருத்தியாவது சொல்ல வேண்டாமா?

ஆஸ்பத்திரியின் பின்பக்கம் சலவைக்கூடத்தைத் தாண்டினால் பிணவறை. அங்கே பதிவு போடுவது என் வேலை. இறந்தவர்களை வீட்டாரிடம் ஒப்படைப்பது அவர் வேலை. பெரிய டாக்டர் முதல் கூட்டிப் பெருக்குகிறவர் வரை எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். அவருக்கென்று ஒரு முறை உண்டு. வீட்டார் உள்ளே வந்ததும் துணியை விலக்கமாட்டார். எதிரில் போய் நின்று, “முதல்ல என்னைப் பாருங்க” என்பார். அவர்கள் பார்ப்பார்கள். அந்த முகத்தில் அவசரமும் இருக்காது, போலி அனுதாபமும் இருக்காது. மூச்சு சீரானதும், “இப்ப அப்பாவைப் பாக்கலாமா?” என்பார். ‘பாடி’ என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதே இல்லை. அவர் விடுப்பில் இருந்த ஒருநாள் நானும் அப்படி நின்று பார்த்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அந்த அம்மாள் இன்னும் பலமாக அழுதாள். நமக்கு வாய்த்தது அவ்வளவுதான்.

அவர் மனைவி, எனக்கு அண்ணி, துணிக்கடையில் பில் போட்டவர். பேச ஆரம்பித்தால் எதிராளிக்குக் கொட்டாவி விடக்கூட இடைவெளி கிடைக்காது. அப்பேர்ப்பட்டவருக்குத்தான் பக்கவாதம் வந்து வலது கையோடு பேச்சையும் கொண்டுபோனது. எல்லாம் புரியும், சிரிப்பார், கோபப்படுவார். சொல் மட்டும் வராது. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள்: “தினமும் பழக்குங்க சார். விட்டுட்டீங்கன்னா வந்த வார்த்தையும் போயிடும்.” அவள் கொடுத்த அட்டைகளில் பந்தும் பூனையும் ஆப்பிளும் இருந்தன. அண்ணி இடது கையால் அத்தனையையும் தூக்கி எறிந்தார். நான் அவர் பக்கம்தான். கடையையே கட்டி மேய்த்தவரிடம் பூனையைக் காட்டினால் கோபம் வராதா?

அப்போதுதான் அண்ணன் பழைய பத்திரிகைகளையும் கத்தரிக்கோலையும் எடுத்தார். அடையாள அட்டைக்கு எடுத்ததில் மிச்சமிருந்த தன் புகைப்படத்திலிருந்து தலையை வெட்டி, அணைக்கட்டின் நடுவில் ஒட்டினார். வேறு யார் முகம் இருந்தாலும் அண்ணி கவனிக்கமாட்டார் என்று அவருக்குத் தெரியும். அண்ணி படத்தையே பார்த்தாராம். பிறகு குலுங்கிச் சிரித்தாராம். அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே “தலை” என்று வந்துவிட்டதாம். இவர் அணையைத் தொட்டுக் காட்ட, மீதியும் வந்ததாம்.

மறுநாள் என் மேஜையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “வந்துடுச்சும்மா! முழு வார்த்தை! அழுதப்பல்லாம் வரல, சிரிச்சதும் வருது.”

அதற்குப் பிறகு அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஒரு குட்டையிலிருந்து கை நீண்டது, கைக்குட்டை. திறந்த வாய்க்குக் கீழே கால் முளைத்தது, வாய்க்கால். அவர் முகத்திலேயே புலிக்கு இருப்பதுபோல வரி வரியாய்ப் போட்டார், முகவரி. வயிற்றுப்பிழைப்பு நடப்பது பிணங்களோடு, மேஜை இழுப்பறை முழுக்க இந்தக் கூத்து. அண்ணிக்கு ஒவ்வொரு சொல்லாகத் திரும்பிக்கொண்டிருந்தது. ஒருநாள் போனில் என்னிடம் “சாப்...பிட்டியா” என்று கேட்டுவிட்டார். பொது இடம் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன்.

அண்ணன் செய்த ஒரே தப்பு, சந்தோஷத்தைத் தனக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதது. முதல் படத்தைப் போனில் பிடித்து மச்சினனுக்கு அனுப்பி, கீழே “உங்க அக்கா இதைப் பார்த்துப் பேசிட்டா” என்று எழுதினார். மச்சினன் நல்ல பையன். பூரித்துப்போய் நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினான். படம் போனது. அந்த ஒரு வரி கூடப் போகவில்லை.

பிறகு நடந்ததற்கு யாரைப் பிடிப்பது? ஊரெல்லாம் வார்த்தையை உடைத்துப் படம் ஒட்ட ஆரம்பித்தது. அண்ணன் தலையைத் தனியாகப் பெயர்த்தெடுத்து, வெட்கமில்லாத இடங்களிலெல்லாம் ஒட்டினார்கள். மெத்தைக் கடைக்காரன் ஒருவன் விளம்பரத்தில் போட்டுக்கொண்டான். ‘இதை முதலில் செய்தது நான்தான்’ என்று ஒருவன் கிளம்ப, இல்லை, வெளிநாட்டு ஓவியர் ஒருவர் எப்போதோ செய்தது என்று இன்னொருவன் சண்டைக்கு நின்றான். பொறுக்கமுடியாமல் நானும் போய் அந்தப் படத்துக்குக் கீழே எழுதினேன்: “இது என்கூட வேலை பார்க்கிறவர், பேச்சு போன மனைவிக்காகச் செய்தது.” அதற்கு ஒருவன், “ஆன்ட்டி, சோகக்கதை போட்டு லைக் வாங்கப் பாக்காதீங்க” என்றான். அவனுக்கு நூற்றுக்கணக்கில் சிரிப்பு விழுந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

அண்ணன் அதையும் தாங்கிக்கொண்டார். “விடும்மா, நாலு நாள் சிரிப்பாங்க, மறந்துடுவாங்க. என் வேலை அவ பேசுறது” என்றார். சாயங்காலம் போய்ப் படம் ஒட்டிக்கொண்டுதான் இருந்தார்.

ஒருநாள், சாலை விபத்தில் இறந்த ஒரு பையனை வாங்க அவன் அம்மாவும் அக்காவும் வந்தார்கள். அக்காவுக்குக் கல்லூரி வயது இருக்கும். அண்ணன் வழக்கம்போல எதிரில் போய் நின்று, “முதல்ல என்னைப் பாருங்க” என்றார். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

வாயைப் பொத்தினாள். அப்படியும் நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, உடம்பு குலுங்குகிறது, சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வருகிறது. அம்மா அவள் முதுகில் மாறி மாறி அறைந்தாள். நான் ஓடிப்போய் அந்தப் பெண்ணை வெளியே இழுத்து வந்தேன். சுவரோடு சரிந்து உட்கார்ந்து, “தம்பிகிட்ட சிரிச்சுட்டேன் ஆன்ட்டி, தம்பி பக்கத்துல சிரிச்சுட்டேன்” என்று தலையில் அடித்துக்கொண்டாள். உள்ளே அந்த அம்மாள் அண்ணனைத் திட்டக்கூட இல்லை. “இவ சாகுறவரைக்கும் இதை மறக்கமாட்டா” என்று மட்டும் சொன்னாள்.

மேலதிகாரி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணனே எழுதிக் கொடுத்துச் சலவைக்கூடத்துக்கு மாறிக்கொண்டார். அங்கே படுக்கை விரிப்புகளை எண்ணி அடுக்க வேண்டும். யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. போதாததற்கு ஒரு முகக்கவசம் வேறு.

கொஞ்ச நாள் விட்டு வீட்டுக்குப் போனேன். அண்ணி மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வாய் திறந்தது, “சா... சா...” என்றதோடு நின்றுவிட்டது. பயிற்சியெல்லாம் விட்டுப்போயிருப்பது புரிந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

“ஏண்ணே, படம் ஒட்டுறதை நிறுத்திட்டீங்களா? பேச்சுப் பயிற்சிப் பொண்ணு என்ன சொன்னா, மறந்துட்டீங்களா? விட்டா போயிடும்னு சொன்னாளே!”

“முடியலம்மா.” கையை விரித்தார். “இவ சிரிச்சா, அன்னிக்கு தம்பிய வாங்க வந்த பொண்ணு சிரிச்சதுதான் கேக்குது. எழுந்து வெளியே ஓடிடறேன்.”

“உங்க முகம் வேண்டாம். வேற படம் ஒட்டுங்க. நான் வந்து ஒட்டறேன்.”

“யார் ஒட்டினாலும் இவ சிரிப்பாளேம்மா.”



அண்ணி எழுந்தார். சுவரைப் பிடித்துப் பிடித்து அலமாரிக்குப் போய், ஒரு பத்திரிகையையும் கத்தரிக்கோலையும் இடது கக்கத்தில் செருகிக்கொண்டு திரும்பினார். அவற்றை அண்ணன் மடியில் வைத்தார். பிறகு அவர் கன்னத்தைத் தொட்டு, தன் வாயைத் தொட்டு, “த... த...” என்றார். கழுத்து நரம்பு புடைத்தது.

அண்ணன் கத்தரிக்கோலை எடுத்து, அண்ணிக்கு எட்டாத மேல்தட்டில் வைத்தார்.

“நீ உக்காரும்மா, காபி போடறேன்” என்றார் என்னிடம். “அவளுக்குப் பேச வராது.”

அண்ணிக்குக் காது நன்றாகவே கேட்கும். முயன்றுகொண்டிருந்த வாயை மெல்ல மூடிக்கொண்டார். நான் கிளம்பும்வரை திறக்கவில்லை.