அத்தை பறித்த க்ரோக்கஸ்

இன்று காலை என் தோட்டத்துப் பூ என் மனைவியின் வயிற்றுக்குள் போய்விட்டது!

இதை டைப் பண்ணும்போதும் அவளை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போன அக்டோபரில், எடிசன் என்கிற அமெரிக்க ஊரில் இருக்கும் எங்கள் வீட்டு முன்வாசலில் க்ரோக்கஸ் கிழங்குகள் நட்டேன். கூர்முனை மேலே பார்க்க, நாலு அங்குல ஆழத்தில், மேலே கம்பி வலை. (இல்லாவிட்டால் அணில்களுக்கு விருந்துதான்!)

சீசன் கடைசியில் மிச்சம் கிடந்த பை அது. லேபிள்கூட இல்லை.

மார்ச்சில் பனி உருகியதும் ஊதா ஊதாவாகப் பூத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வித்யாவின் பிரசவத்துக்காக ஈரோட்டிலிருந்து வந்திருக்கும் மாமியாரைக் கூப்பிட்டுப் பெருமையடித்தேன்.

"அத்தை, இது குங்குமப்பூ குடும்பம்!"

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

இன்று எழுந்து வந்தால் பூவெல்லாம் பிய்ந்து கிடக்கிறது. அணில்களைத் திட்டிக்கொண்டே கிச்சனுக்குப் போனேன்.

"நாந்தானுங்க மாப்ள பறிச்சேன். நடுவுல இருந்த நாரைப் பூராம் பால்ல போட்டு வித்யாவுக்குக் குடுத்துட்டேனுங்க. கொழந்த நல்லா செவப்பாப் பொறக்கும்!"

(எங்கள் இருவர் நிறத்துக்கு அது ஆகிற காரியமா!)

வித்யா வாயைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "ஒரு மாதிரி கசந்துச்சுங்க. அம்மாதான் விடல." அவளுக்கு இது ஏழாம் மாதம்.

கூகுளில் தேடினேன். அதே பெயரில் இலையுதிர் காலத்தில் பூக்கிற வேறொரு செடி உண்டாம். கிழங்கு, இலை, பூ எல்லாமே விஷமாம். அதற்குமேல் படிக்கத் தைரியம் வரவில்லை.

விஷ உதவி எண்ணுக்கு போன் போட்டேன். எடுத்த நர்ஸ் நிதானமாகக் கேட்டார். மார்ச்சில் பூத்தது நல்ல அடையாளம்தான், ஆனாலும் பூவுக்குள் மகரந்தக் காம்பு எத்தனை என்று எண்ணிச் சொல்லுங்கள். மூன்றென்றால் பயமில்லை, ஆறென்றால் உடனே ஆம்புலன்ஸ் என்றார்.

செருப்புகூடப் போடாமல் வெளியே ஓடினேன்.

அத்தை ஒரு பூவைக்கூட விட்டுவைக்கவில்லை! பிய்ந்து கிடந்ததில் வெறும் இதழ்தான். ஈர மண்ணில் முட்டி போட்டுத் தேடினேன். வலையின் ஓரத்தில் விரியாத மொட்டு ஒன்று இருந்தது.

பிரித்தேன். ஒன்று. இரண்டு. மூன்று.

மறுபடி எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன்.

"த்ரீ! ஒன்லி த்ரீ!" என்று போனில் கத்தினேன். எதிர்வீட்டுக்காரர் கார் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

லேசாக வயிறு கலங்கலாம், டாக்டரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள் என்றார் நர்ஸ்.

போகும் வழியெல்லாம் அத்தை அழுதுகொண்டே வந்தார். "நான் மொதல்ல ஒரு வாய் குடிச்சுப் பாத்துட்டுத்தானுங்க குடுத்தேன்!" பாவம், அவர்மேல் என்ன தப்பு?

டாக்டர் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க வைத்தார். நன்றாகத் துடித்தது. நானும் அங்கேயே அழுதுவிட்டேன்.

வித்யா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "இனிமே யார் கேட்டாலும் வெறும் பூன்னு சொல்லுங்க."

சரி என்றேன். ஆனால் வீடு வந்ததிலிருந்து அரைமணிக்கு ஒருதரம் "கொழந்த அசையுதா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அவள் தலையணையை எறிந்தாயிற்று.

பிள்ளை பெற்றவர்கள் யாராவது உண்மையைச் சொல்லுங்கள். இந்தப் பயம் பிரசவத்தோடு போய்விடும்தானே?